கயிறு பிடிக்கிற வேலை

எங்கட காருக்கு நாலு கதவு.
திறக்கிறது ஒண்டு.
சாரதிப் பக்கம் மட்டும்,
அதுவும் முழங்காலால இடிச்சால்.

அதாலதான் எல்லாரும் ஏறுவம்.
முதல் நிதுசன், பிறகு அவன்ர புத்தகப் பை,
பிறகு ஆரபி, "அம்மா, ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே?"
பிறகு இவர்,
கியருக்கு மேலால ஒவ்வொரு காலாய்த் தூக்கி
ஒவ்வொரு காலுக்கும் ஒரு முருகா.
மார்க்கம் ரோட்டுக் கலியாண மண்டப வாசலில
நான் இறங்கிச் சேலைத் தலைப்பை விரிச்சு மறைக்க
இவர் வேட்டியோட பின்பக்கத்தால இறங்கினார்.
வீடியோக்காரன் அதையும் எடுத்துப்போட்டான்.

இவருக்கு முதுகு போனது
பலகை அடிக்கிற கொம்பனியில. மூண்டு வருசம்.
இழப்பீட்டுக்காரர் கடிதம் போடுவினம்,
ஆரபி வாசிச்சுச் சொல்லுவாள்:
"அப்பா, உங்களுக்கு நோ இருக்காம்,
ஆனால் காணாதாம்."
இவர் கொஞ்சம் யோசிச்சுப்போட்டுக் கேட்டார்,
"இன்னும் எவ்வளவு வேணுமாம்?"
சிரிச்சம். வேறென்ன செய்யிறது.
சிரிச்சதில அவருக்கு முதுகு பிடிச்சுக்கொண்டது.

நான் கோழி வெட்டுற இடத்தில, இரவு வேலை.
நிமிசத்துக்கு முப்பத்தெட்டுக் கோழி
தலைகீழாய் என்னைத் தாண்டிப் போகும்.
செட்டை மட்டும்தான் என்ர பொறுப்பு.
பன்னிரண்டு வருசம் செட்டை பாத்தவளுக்கு
முழுக் கோழி எப்பிடியிருக்கும் எண்டே மறந்துபோச்சு.
விடிய வந்து எத்தினை தரம் குளிச்சாலும்
மேல் வீட்டுப் பூனை
என்னைத்தான் சுத்தி வரும். அன்பு.

தை மாதம். இருபத்தேழு பாகை உறைகுளிர்.
கள்ளன் வந்தான்.
இவர் இருக்கிற பக்கத்துக் கதவை
இரும்பால நெம்பி உள்ள போய்த்
தேடியிருக்கிறான், பாவம்.
இருந்தது: காய்ஞ்ச தேசிக்காய் ஒண்டு, விபூதிப் பை,
ஒற்றைக் கையுறை,
பலசரக்குக் கடைக்காரர் தந்த கலண்டர்.
கலண்டரைக் கொண்டுபோயிட்டான்.

பொலிசுக்கு அடிச்சால்
களவுபோனதின்ர பெறுமதி என்ன எண்டு கேக்கினம்.
ஆரபி வாய் திறக்க முதல் இவர் சொல்லுறார்,
"நல்ல நாளெல்லாம் அதிலதான் பிள்ளை இருந்தது."

நாங்கள் மூண்டு வருசம் மல்லுக்கட்டின கதவு.
கள்ளன் ஒரு நிமிசத்தில திறந்துபோட்டான்.
"ஆளைக் கண்டுபிடிச்சு
மற்ற ரண்டையும் திறக்கச் சொல்லுவமோ?" எண்டான் நிதுசன்.
ஆனால் இப்ப பூட்டுதில்லை.
கராஜ்காரன் அறுநூற்று நாற்பது எண்டான்.
அது எத்தினை செட்டை எண்டு
லைனில நிண்டு எண்ணத் தொடங்கி
பாதியில விட்டிட்டன்.

பழைய வொயில் சேலை ஒண்டைக் கிழிச்சு
முறுக்கிக் கதவில கட்டினன்.
நான் தனிய வேலைக்குப் போகேக்க
மற்ற நுனி ஹான்ட்பிரேக்கில.
விடிய பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்தேக்க
இவற்ற கையில.

முதல் நாள் ஏழு இருபதுக்கு
சவரம் செய்து, தொப்பி போட்டு,
ரண்டு கையுறையோட
வாசலில வந்து நிண்டார்.
மூண்டு வருசத்துக்குப் பிறகு
அந்த நேரத்துக்கு அந்த முகம்.
நான் ஒண்டும் கேக்கேல்லை.
நிதுசன் கேட்டான், "அப்பா, சம்பளம் எவ்வளவு?"
"சாப்பாடும் படுக்கையும்.
ஓவர்டைம் இல்லை."

இடப்பக்கம் திரும்பேக்கதான் கரைச்சல்,
கதவு இவரையும் இழுத்துக்கொண்டு போகப் பாக்கும்.
அதால முதலே சொல்லுவன்,
"திரும்பப்போறன்."
"ம்."
"நிப்பாட்டப்போறன்."
"ம்ம்."
கலியாணம் கட்டிப் பதினேழு வருசம்,
நாங்கள் இவ்வளவு ஒழுங்காய்க் கதைச்சதில்லை.

பங்குனியில காசு சேர்ந்திட்டுது.
தேயிலைப் பேணிக்குள்ள, அறுநூற்றைம்பது.
கராஜ்காரன் கடையில கண்டால் கேக்கிறான்.
பிள்ளையளுக்குச் சப்பாத்து வாங்கினது எண்டு
சொல்லி வைச்சிருக்கிறன்.